வால்வு ஆம்புக்கும் ஸ்பீக்கர் கேபினெட்டுக்கும் ஓம் கணக்கைப் பொருத்துவது எப்படி

வால்வுகளால் (வெற்றிடக் குழாய்களால்) இயங்கும் கிட்டார் ஆம்பின், அதாவது ஒலிபெருக்கும் கருவியின், பின்பக்கத்தில் 4, 8, 16 ஓம் என்று எண்ணிட்ட ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். ஸ்பீக்கர்கள் அடங்கிய பெட்டியான கேபினெட்டின் பின்பக்கத் தகட்டிலும் இந்த எண்களில் ஒன்றோ இரண்டோ அச்சிடப்பட்டிருக்கும். இரண்டு எண்களும் ஒத்திருக்கும்படி வைத்துவிட்டால் பெரும்பாலான நேரங்களில் வேலை முடிந்துவிடும். ஆனால் வாடகைக்கு வந்த கேபினெட், பல கை மாறி வந்த கேபினெட், யாரோ ஸ்பீக்கரை மாற்றிவிட்டுத் தகட்டை அப்படியே விட்டுவிட்ட கேபினெட் ஆகியவற்றில் தகடு சொல்வது ஒன்றாகவும் உள்ளே இருப்பது வேறொன்றாகவும் இருக்கக்கூடும். ஆகவே அளந்து பார்க்காத கேபினெட்டை வால்வு ஆம்பில் செருகக் கூடாது என்பதை முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தேவைப்படுவது சாதாரண மல்டிமீட்டரும் ஒரு நிமிட நேரமும்தான்.

எண்ணுக்குப் பின்னால் இருப்பது

ஸ்பீக்கரின் மேல் எழுதியிருக்கும் 8 ஓம் அல்லது 16 ஓம் என்பது நிலையான ஓர் அளவு அன்று. அது பெயரளவுக்குச் சொல்லப்படும் இம்பீடன்ஸ், அதாவது மாறுமின்சாரத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை. சுருதி மாறும்போது இந்த இம்பீடன்ஸும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். செலஸ்டியன் நிறுவனத்தின் விண்டேஜ் 30 என்ற 12 அங்குல ஸ்பீக்கருக்கு ஒத்ததிர்வு 75 ஹெர்ட்ஸ் அளவில் வருகிறது. கிட்டாரின் தடித்த ஆறாவது கம்பி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸில் ஒலிப்பதால், அந்தக் கம்பியைத் தட்டும்போது ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் பெயரளவைப் போலப் பல மடங்கு உயர்ந்திருக்கும். சில நூறு ஹெர்ட்ஸ் பகுதியில் அது மிகக் குறைந்து பெயரளவை ஒட்டி நிற்கும். அதற்கு மேலே காயிலின் (கூம்பை அசைக்கும் கம்பிச் சுருளின்) தூண்டல் காரணமாக மறுபடியும் ஏறும். மல்டிமீட்டர் காட்டுவது இவற்றுள் எதுவும் இல்லை. காயில் கம்பியின் வெறும் மின்தடையை மட்டுமே அது காட்டும். அந்த அளவு எப்போதும் பெயரளவைவிடக் குறைவாகவே இருக்கும். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 6 முதல் 7 வரை காட்டினால் அது பழுது என்று சிலர் கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்வதுண்டு. அது பழுது அன்று, இயல்புதான்.

அளக்கும் முறை

ஆம்பிலிருந்து கேபிளைக் கழற்றுங்கள். கேபினெட் பக்கத்து முனை செருகியபடியே இருக்கட்டும். ஜாக்கின் உள்ளே மீட்டர் முனைகளை நுழைத்துத் துழாவுவதைவிட, கேபிளின் மறுமுனைப் பிளக்கில் நுனிக்கும் தண்டுக்கும் இடையே அளப்பது எளிது. கேபிளும் சேர்ந்தே சோதிக்கப்பட்டுவிடும். மீட்டரை 200 ஓம் அளவில் வைத்து, முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வைத்துப் பாருங்கள். மலிவான மீட்டர்களில் அந்த நிலையிலேயே 0.3, 0.5 என்று ஏதாவது காட்டும். அதைப் பின்னர் கழித்துக்கொள்ள வேண்டும். அளக்கும்போது பக்கத்தில் யாரும் டிரம்ஸ் வாசிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளி ஒலியில் ஸ்பீக்கரின் கூம்பு அசைந்தால் காயிலில் மின்னழுத்தம் பிறந்து மீட்டரின் எண் அலைபாயும்.

கழித்தபின் கிடைக்கும் அளவு ஏறத்தாழ 3 முதல் 3.6 வரை இருந்தால் கேபினெட் 4 ஓம்; 5.5 முதல் 7 வரை இருந்தால் 8 ஓம். 11 முதல் 14 வரை இருந்தால் 16 ஓம். மூன்றுக்கும் இடையே போதிய இடைவெளி இருப்பதால் குழப்பத்துக்கு இடமில்லை. எண் இந்த மூன்று வரம்புகளுக்குள்ளும் விழாவிட்டால் அங்கே ஏதோ ஒரு செய்தி இருக்கிறது என்று பொருள். 16 ஓம் என்று எழுதிய நான்கு ஸ்பீக்கர் கேபினெட் 25, 26 என்று காட்டினால், உள்ளே ஒரு காயில் அறுந்து, அதனோடு தொடராக இணைந்த மற்றொரு ஸ்பீக்கரும் சேர்ந்து ஊமையாகிவிட்டது என்று கொள்ளலாம். மீட்டர் எண்ணே காட்டாவிட்டால் கேபிளோ ஜாக்கோ விட்டுப்போயிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் பிளக்கின் உள்ளே இரண்டு ஒயர்களும் ஒட்டியிருக்கின்றன.

பல ஸ்பீக்கர், பல கேபினெட்

கணக்கு பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். தொடரிணைப்பில் ஓம்களைக் கூட்ட வேண்டும். பக்க இணைப்பில் ஒரே அளவுள்ளவை என்றால், ஓர் ஸ்பீக்கரின் ஓமை ஸ்பீக்கர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அளவு வேறுபட்டால் இரண்டையும் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்.

இதற்கு மிகப் பழக்கமான எடுத்துக்காட்டு மார்ஷலின் 1960ஏ கேபினெட். அதில் 16 ஓம் ஸ்பீக்கர்கள் நான்கு உள்ளன. இரண்டிரண்டாகத் தொடரில் சேர்த்தால் ஒவ்வோர் இணையும் 32 ஓம். அந்த இரு இணைகளையும் பக்கமாகச் சேர்த்தால் மறுபடியும் 16 ஓம். நான்கையும் பக்கமாகவே சேர்த்தால் 4 ஓம். ஸ்டீரியோவாகப் பிரித்தால் இரண்டு ஸ்பீக்கர்கள் கொண்ட ஒவ்வொரு பாதிக்கும் 8 ஓம். பின்பக்கச் சுவிட்ச் செய்வது இந்த மாற்றங்களைத்தான். ஆனால் ஸ்டீரியோ நிலையில் வைத்துவிட்டு ஒரே ஜாக்கில் மட்டும் செருகினால் பாதி ஸ்பீக்கர்களே வேலை செய்யும். கேபினெட் தாங்கும் வாட்டும் பாதியாகிவிடும். மேடையில் நின்றபடி அவசரத்தில் கேட்டால் இந்தக் குறை காதில் விழாமலும் போகலாம்.

கேபினெட்டுகளை இரண்டிரண்டாக அடுக்கும் வழக்கத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1960களின் நடுவில் தி ஹூ என்ற ராக் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட், லண்டனில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலிடம் எட்டு ஸ்பீக்கர்கள் கொண்ட ஒரே பெட்டியைக் கேட்டு வாங்கினார். தூக்கிச் சுமப்பவர்களின் முதுகு தாங்காது என்று ஆனபோது, அது ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இரண்டு நான்கு-ஸ்பீக்கர் பெட்டிகளாக மாறியது. 16 ஓம் பெட்டிகள் இரண்டை ஆம்பின் இரண்டு ஜாக்குகளிலும் செருகினால், அவை பக்க இணைப்பில் 8 ஓம் ஆகின்றன. ஆம்பின் சுவிட்சை 8-இல் வைக்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ‘என் கேபினெட் 16 ஓம், ஆகவே 16’ என்று வைத்துவிட்டு இரண்டாவது பெட்டியையும் செருகிவிடுகிறார்கள். ஆம்பின் இரண்டு ஸ்பீக்கர் ஜாக்குகளும், கேபினெட்டிலிருந்து அடுத்த கேபினெட்டுக்குப் போகும் இணைப்பு ஜாக்கும், அநேகமாக எப்போதும் பக்க இணைப்புதான். கேபினெட்டுகளைச் சங்கிலி போலக் கோத்தாலும், ஆம்பிலிருந்து தனித்தனியாகக் கொண்டுபோனாலும் கணக்கு ஒன்றே.

ஆம்பின் பின்பக்கத்தில் சுவிட்சுக்குப் பதிலாகத் தனித்தனி ஜாக்குகள் இருந்து, ‘1×16’, ‘1×8 அல்லது 2×16’ என்று எழுதியிருந்தால், பெருக்கல் குறிக்கு முன்னால் இருப்பது கேபினெட்டுகளின் எண்ணிக்கை, பின்னால் இருப்பது ஒவ்வொன்றின் ஓம். கணக்கை அவர்களே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எழுத்தைப் படித்துச் செருகினால் போதும்.

அமெரிக்காவின் ஃபெண்டர் மரபு வேறு. அந்த நிறுவனத்தின் ட்வின் ரிவெர்ப் ஆம்பில் 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டு பக்க இணைப்பில் 4 ஓம். சூப்பர் ரிவெர்பில் 8 ஓம் ஸ்பீக்கர்கள் நான்கு பக்க இணைப்பில் 2 ஓம். பழைய வடிவமைப்பில் முதன்மை ஸ்பீக்கர் ஜாக்கில் எதுவும் செருகப்படாதபோது, ஜாக்கே வெளியீட்டைத் தரையோடு சேர்த்துவிடும். வெளி ஸ்பீக்கருக்கான ஜாக்கில் மட்டும் செருகிவிட்டு ஒலி வரவில்லை என்று தவிப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் போதும். ஒரே ஒரு கேபினெட் என்றால் அது முதன்மை ஜாக்கில்தான் இருக்க வேண்டும்.

வால்வுக்கு ஒரு விதி, டிரான்சிஸ்டருக்கு வேறு விதி

டிரான்சிஸ்டர் ஆம்பில் ‘குறைந்தபட்சம் 4 ஓம்’ என்று எழுதியிருந்தால் 4-க்குக் கீழே போகக் கூடாது என்பதுதான் பொருள். மேலே எவ்வளவு போனாலும் ஆபத்தில்லை. 8 ஓம் செருகினால் வாட் குறையும், அவ்வளவுதான். 4 ஓமில் 100 வாட் தரும் ஆம்ப் 8 ஓமில் ஏறத்தாழ 50, 60 வாட் தரும். காதுக்கு அது 3 டெசிபல் அளவுக்குள் அடங்கும் வேறுபாடு. 8 ஓம் கேபினெட் இரண்டு செருகலாம். மூன்றாவது 8 ஓம் கேபினெட்டைச் சேர்த்தால் 2.67 ஓம் ஆகி, வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் கருகக்கூடும். அதிக ஓம் பாதுகாப்பு, குறைந்த ஓம் ஆபத்து என்ற இந்த விதி டிரான்சிஸ்டருக்கு முற்றிலும் சரி. இதையே அப்படியே வால்வு ஆம்புக்கும் கொண்டுபோகிறவர்கள்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

வால்வு ஆம்பில் வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அவுட்புட் டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. 50 வாட் ஆம்பில் எதிரெதிராக வேலை செய்யும் இஎல்34 வால்வுகள் இரண்டும் தங்களுக்கு முன்னால் ஏறத்தாழ 3,400 ஓம் சுமையை எதிர்பார்க்கின்றன; ஸ்பீக்கரின் 8 ஓமை அந்த அளவாக மாற்றிக் காட்டுவதே டிரான்ஸ்பார்மரின் வேலை. டிரான்ஸ்பார்மர் செய்வது விகிதத்தை மாற்றுவது மட்டுமே. 8 என்று குறித்த இடத்தில் 16 ஓம் செருகினால் வால்வுகளுக்கு 6,800 ஓம் தெரியும், 4 ஓம் செருகினால் 1,700 ஓம் தெரியும்.

சுமையின் ஓம் கூடினால் டிரான்ஸ்பார்மரின் முதன்மைச் சுற்றில் மின்னழுத்தம் எகிறும். சுமையே இல்லாவிட்டால், அதாவது ஸ்பீக்கர் செருகப்படாமலோ கேபிள் அறுந்தோ இருக்கும்போது வாசித்தால், அந்த மின்னழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்குத் தாவி, வால்வு சாக்கெட்டின் ஊசிகளுக்கிடையே பொறியாகப் பாயும், அல்லது டிரான்ஸ்பார்மரின் உள்ளே கம்பிச் சுருளின் காப்பு உறையைத் துளைத்துவிடும். மாறாகச் சுமையின் ஓம் குறைந்தால் வால்வுகளில் மின்னோட்டம் கூடி, அவை சூடேறி விரைவில் தேயும். ஆகவே சுமையின்றி வாசிப்பதுதான் வால்வு ஆம்புக்கு மிகக் கொடிய நிலை. ஓம் ஒரு படி தவறிப்போவது அதன் பக்கத்தில் வைத்துப் பேசத்தக்கது அன்று.

ஒரு படி தவறித்தான் ஆக வேண்டும் என்றால் எந்தப் பக்கம் தவறலாம் என்பதில் ஆம்ப் செய்பவர்களிடையே இரு கருத்துகள் உண்டு. ஆம்பின் 8-இல் 16 ஓம் கேபினெட்டைச் செருகினால் வால்வு இளைப்பாறும், ஆகவே அதுவே பாதுகாப்பு என்பது ஒரு தரப்பு. அப்போது ஏறும் மின்னழுத்தத்தைவிட, 8-இல் 4 ஓம் செருகும்போது கூடும் மின்னோட்டமே மேல் என்பது மறுதரப்பு. உங்கள் ஆம்பின் கையேடு இவற்றுள் ஒன்றைச் சொல்லியிருந்தால் அதுவே இறுதி. கையேடு கையில் இல்லாத பழைய ஆம்ப் என்றால் நான் இரண்டாவது தரப்பின் பக்கம் சாய்வேன்; ஏனெனில் தேய்ந்த வால்வை மாற்றிவிடலாம், துளைபட்ட டிரான்ஸ்பார்மரைத் தேடி வாங்கி மாற்றுவது பெருஞ்செலவு. எந்தப் பக்கமாயினும் ஒரு படியைத் தாண்டக் கூடாது. 4-இல் 16 ஓமும், 16-இல் 4 ஓமும் வேண்டவே வேண்டாம். தவறிய நிலையில் வாசிக்க நேர்ந்தால் ஒலியைக் குறைத்து வைத்து, அன்றைய நிகழ்ச்சியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

8 ஓம் கேபினெட் ஒன்றும் 16 ஓம் கேபினெட் ஒன்றும் சேர்த்து வாசிக்க விரும்புகிறவர்கள் உண்டு. இரண்டும் பக்க இணைப்பில் 5.33 ஓம். ஆம்பை 4-இல் வைத்தால் சுமை மூன்றில் ஒரு பங்கு கூடுதல், 8-இல் வைத்தால் மூன்றில் ஒரு பங்கு குறைவு. இரண்டுமே ஒரு படிக்குள் அடங்குவதால் ஆம்புக்கு இது பெரிய சோதனை இல்லை. கவனிக்க வேண்டியது வேறு: 8 ஓம் கேபினெட் 16 ஓம் கேபினெட்டைப் போல இரு மடங்கு வாட்டை வாங்கிக்கொள்ளும். 50 வாட் ஆம்பில் ஒன்றுக்கு 33, மற்றதற்கு 17 வாட் போகும். வலுவில்லாத ஸ்பீக்கர் 8 ஓம் பெட்டியில் இருந்தால் அது முதலில் போய்விடும்.

கேபிள்: பெரும்பாலான விபத்துகள் நடக்கும் இடம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி விழா மேடையில் வாடகைக்கு வந்த 100 வாட் வால்வு ஆம்பில் ஸ்பீக்கர் கேபிள் மட்டும் வரவில்லை. கையில் இருந்த கிட்டார் கேபிளையே நான் செருகினேன். பிளக் ஒன்றுபோலவே இருந்தது, ஒலியும் வந்தது. மூன்றாவது பாட்டில் ஒலி விட்டு விட்டு வரத் தொடங்கியது. கேபிளைத் தொட்டுப் பார்த்தபோது பிளக்கை ஒட்டிய பகுதி வெதுவெதுப்பாக இருந்தது. ஆம்பை நிறுத்தலாம் என்று நினைப்பதற்குள் பின்னாலிருந்து சடசடவென்று ஒரு சத்தமும், அதையடுத்து முழு அமைதியும். மறுநாள் பழுதுபார்ப்பவர் வால்வைப் பிடுங்கிச் சாக்கெட்டை விளக்கருகே பிடித்துக் காட்டினார். இரண்டாவது ஊசித் துளைக்கும் மூன்றாவது துளைக்கும் இடையே, பென்சிலால் கீறியதுபோல ஒரு கரிக்கோடு. மூன்றாவது ஊசி வால்வின் பிளேட். அதில் நிற்கும் உயர் மின்னழுத்தம் பக்கத்து ஹீட்டர் ஊசிக்குத் தாவியிருக்கிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் அதைத் துடைத்துவிட்டு மறுபடி பயன்படுத்த முடியாது. சாக்கெட்டையே மாற்ற வேண்டியதாயிற்று. டிரான்ஸ்பார்மர் தப்பியது எங்கள் நல்ல நேரம்.

கிட்டார் கேபிளில் நடுவே மெல்லிய ஒரு கம்பியும் அதைச் சுற்றி வலைப்பின்னலும் இருக்கும். பிக்கப்பிலிருந்து வரும் நுண்ணிய மின்சாரத்துக்கு அது போதும். ஸ்பீக்கர் கேபிளில் ஒரே தடிப்புள்ள இரண்டு ஒயர்கள் அருகருகே ஓடும். 100 வாட் ஆம்ப் 16 ஓம் கேபினெட்டுக்கு 40 வோல்ட்டில் 2.5 ஆம்பியரும், 4 ஓம் கேபினெட்டுக்கு 20 வோல்ட்டில் 5 ஆம்பியரும் அனுப்புகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கேபிளும் ஒன்றுபோல இருப்பதால், பிளக்கின் மூடியைத் திருகிக் கழற்றி உள்ளே பார்ப்பதே உறுதியான வழி. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் மீட்டர் கணக்கில் வாங்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் இரட்டை ஒயரும், நல்ல கால் அங்குல மோனோ பிளக்குகள் இரண்டும் இருந்தால், மூன்று மீட்டர் கேபிளை நீங்களே பற்றவைத்துக்கொள்ளலாம். அதன் மொத்த மின்தடை 0.1 ஓமைக்கூட எட்டாது. செய்து முடித்ததும் சிவப்பு நாடா சுற்றி ‘ஸ்பீக்கர்’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள். என் பையில் இப்போது அப்படிப்பட்ட கேபிள்கள் இரண்டு இருக்கின்றன, மேடைக்கு ஒன்று, மாற்றுக்கு ஒன்று.

வீட்டில் சத்தமின்றிப் பதிவு செய்ய விரும்புகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். லோட் பாக்ஸ் என்பது ஸ்பீக்கரின் இடத்தில் நின்று ஆம்பின் ஆற்றலைத் தாங்கும் கருவி. அதன் ஓமும் ஆம்பின் ஓமும் பொருந்த வேண்டும், அதன் வாட் தாங்குதிறன் ஆம்பின் வாட்டைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். ஒலிச் சமிக்ஞையை மிக்சருக்கு அனுப்ப உதவும் சாதாரண டிஐ பாக்ஸ் அப்படிப்பட்டது அன்று. அதை மட்டும் ஸ்பீக்கர் ஜாக்கில் செருகிவிட்டு வாசித்தால் ஆம்புக்குச் சுமையே இல்லை.

வாட் கணக்கும் இயக்கும் வரிசையும்

ஓம் பொருந்தினாலும் வாட் பொருந்தாவிட்டால் ஸ்பீக்கர் போகும். 25 வாட் தாங்கும் செலஸ்டியன் கிரீன்பேக் ஸ்பீக்கர்கள் நான்கு சேர்ந்தால் 100 வாட். ஆனால் 100 வாட் வால்வு ஆம்பை உச்சத்தில் உறுமவிட்டால் அது அந்த எண்ணைத் தாண்டியும் தரும். கேபினெட்டின் தாங்குதிறன் ஆம்பின் வாட்டைப் போல ஒன்றரை மடங்காவது இருந்தால் நிம்மதி.

கேபினெட்டை நீங்களே பிரித்து ஒயர் மாற்றினால் திசையையும் சரிபார்க்க வேண்டும். கேபிள் முனையில் 1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையைப் பிளக்கின் நுனியிலும் எதிர்முனையைத் தண்டிலும் ஒரு கணம் தொட்டால், எல்லாக் கூம்புகளும் ஒரே திசையில், வழக்கமாக வெளிப்பக்கமாக, நகர வேண்டும். ஒன்று மட்டும் எதிர்த்திசையில் போனால் ஓம் மாறாது, ஆனால் அடித்தொனி கரைந்துபோய் ஒலி சன்னமாகிவிடும். ஆம்பை மட்டும் பிரிக்காதீர்கள். நிறுத்திய பின்னரும் அதன் மின்தேக்கிகளில் 400, 500 வோல்ட் தங்கியிருக்கக்கூடும்.

இயக்கும்போது முதலில் ஸ்பீக்கர் கேபிள், பிறகு ஓம் சுவிட்ச், அதன்பின் வால்யூம் குமிழ்கள் பூஜ்யத்தில், கடைசியில் மின்சாரம். ஸ்டாண்ட்பை சுவிட்ச் இருந்தால் வால்வு சூடேற ஒரு நிமிடம் விட்டு அதைப் போடலாம். ஆம்ப் ஓடும்போது ஓம் சுவிட்சைத் திருப்பவே கூடாது; ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போகும் அந்த இடைக்கணத்தில் சுமை அறுந்துபோகும். பழைய ஆம்புகளில் இந்தச் சுவிட்சின் தொடுமுனைகள் தளர்ந்தும் கறுத்தும் இருக்கும். மின்சாரம் நிறுத்திய நிலையில் அதை இருபக்கமும் பத்துத் தடவை திருப்பி, பின்னர் சரியான எண்ணில் ‘டக்’ என்று உட்கார்ந்துவிட்டதை விரலால் அசைத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். விரலுக்கு ஆட்டம் தெரிந்தால், நிகழ்ச்சிக்கு வேறு ஆம்பை எடுத்துக்கொண்டு, இதைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.